சுவரில் மாட்டிய நான்கு காலம்

மேல்பிரிவு, நிவித்திகல
14.07.2024

தம்பி கிருஷ்ணராஜுக்கு,

அக்கா சுகந்தினி எழுதுகிறேன். உறையில் என் எழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் என் நம்பரை மறித்து வைத்திருக்கிறாய். தபால்காரரை மறிக்க முடியாது அல்லவா.

அம்மா போய் இன்றோடு நாற்பத்தேழு நாள். பதினாறாம் நாள் கருமாதிக்கு நீ வருவாய் என்று பத்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தோம். இரத்தினபுரியிலிருந்து வந்த இரண்டு பஸ்ஸிலும் நீ இறங்கவில்லை. கடைசியில் பக்கத்துக் காம்பரா வீட்டு மூக்காயி அக்காவின் மகன்தான் மொட்டை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் செய்தான். "பெத்த பிள்ளை கொழும்புல இருக்க, அடுத்த வீட்டுப் பிள்ளை கையால சோறு வாங்கிட்டுப் போறா வெள்ளையம்மா" என்று மூக்காயி அக்கா அழுதாள். அவள் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியும்.

நாங்கள் பதினொரு குடும்பம் பிள்ளைக்காம்பராவில் இருக்கிறோம். குழந்தைகளைத் தூங்க வைக்கும் இடத்தில் கிழவர்கள் குறட்டை விடுகிறார்கள். எங்கள் லய வீட்டு வரிசைப் பக்கம் யாரையும் விடுவதில்லை. நம் வீடு, அந்தக் கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் இப்போது சரிந்த மண்மேடு மட்டும்தான் இருக்கிறது.

நீ புதைகுழிப் பக்கத்தில் நின்று, என்னைக் காட்டி, தேயிலைத் தோட்டமே கேட்கும்படி சொன்னாய்: "மண்ணு கொல்லல, இவதான் கொன்னா." சொல்லிவிட்டு மூன்றரை பஸ்ஸுக்கு நடந்தாய். கோபத்தில் சொன்னதா, நம்பித்தான் சொன்னாயா என்று கேட்கவே இந்தக் கடிதம். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உன் அக்கா
சுகந்தினி


கொட்டாஞ்சேனை
05.08.2024

அக்காவுக்கு,

நம்பித்தான் சொன்னேன்.

மூக்காயி அக்காவின் வாய் நீளம்தான். ஆனால் பொய் சொல்லாது. மண்சரிவுக்குப் பயந்து சுவர் வெடிப்பு பார்க்க அதிகாரிகள் வீடு வீடாக வந்ததாகவும், எல்லாரும் தங்கள் சுவரைக் காட்டியதாகவும், நீங்கள் மட்டும் வாசலிலேயே நின்று இல்லை என்று அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். உள்ளே கையை விடும் அளவுக்கு வெடிப்பு. அதன் மேல் நான் அனுப்பிய படம். இதில் எது பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் படத்தை நான் எப்படி அனுப்பினேன் தெரியுமா. எங்கள் அச்சகத்தில் காலண்டருக்காக அடித்தது. வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நான்கு கட்டம். வசந்தத்தில் குழந்தை, கோடையில் இளஞ்சோடி, இலை உதிரும்போது நரை கண்ட ஒரு பெண், பனியில் தடி ஊன்றிய கிழவர். ஆயிரக்கணக்கான தாளில் நிறம் விலகாத ஒன்றைத் தேடி எடுத்து, காம்பராவின் ஈரம் ஏறக்கூடாது என்று இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் போட்டு, குழாயில் சுருட்டி அனுப்பினேன். அம்மா பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று அனுப்பினேன். நீங்கள் அதைத் திரையாகத் தொங்கவிட்டீர்கள்.

எதற்காக மறைத்தீர்கள் என்பதும் தெரியும். அன்றைக்கு உங்களைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு மாப்பிள்ளைக்காக அம்மாவை அந்தச் சுவருக்குக் கீழே படுக்க வைத்தீர்கள். இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கிருஷ்ணராஜ்


மேல்பிரிவு
25.08.2024

தம்பிக்கு,

கேட்டேன், சொல்லிவிட்டாய். இனி நான் சொல்வதையும் கேள். நீ பாதியில் கிழித்தால் மீதியை இன்னொரு தாளில் எழுதி அனுப்புவேன், என் குணம் உனக்குத் தெரியும்.

முதலில் உன் படத்தைப் பற்றி. அம்மா அதைப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. வேலை விட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் அதன் முன்னால்தான் உட்காருவாள். முதல் கட்டத்துக் குழந்தையைப் பார்த்து, "இது யாரு வீட்டுப் பிள்ளை, காலுல சப்பாத்து போட்டிருக்கு" என்பாள். இரண்டாவதில் அந்தச் சோடி கோதுமைக் காட்டில் கைகோத்து நிற்கிறதே, "வேலைக்குப் பேரு போடாம ரெண்டும் நிக்குதுங்க, கங்காணி எங்க போனான்" என்பாள். மூன்றாவதில் மரமெல்லாம் சிவந்து இலை கொட்டுகிறதல்லவா. அதைப் பார்த்து அம்மாவுக்கு உண்மையாகவே கவலை. "மரத்துக்கு நோய் விழுந்திருச்சு. மருந்து அடிக்காம படம் புடிச்சிக்கிட்டு நிக்கிறானுங்க." நான் சிரித்தேன். அது அந்த நாட்டுக் காலம் அம்மா, இலை தானாகவே விழும், மறுபடி துளிர்க்கும் என்றேன். அம்மா நம்பவில்லை.

நான்காவது கட்டத்தில் கொட்டிக் கிடப்பது சுண்ணாம்பா என்று கேட்டாள். பனி என்றேன். "அவ்வளவு குளிருன்னா அந்த மனுசன ஏன் வெளிய விட்டாங்க" என்றாள். பிறகு, "நமக்கு நாலு படம் வேணாம்டி. மழைப் படம் ஒண்ணு போதும், பொறந்ததுல இருந்து சாகுற வரைக்கும்" என்றாள்.

நம் எல்லாரையும் அந்தக் கட்டங்களில் உட்கார வைத்துப் பார்ப்பாள். உன்னை இரண்டாவதில் வைத்தாள். தன்னை மூன்றாவதில் வைத்தாள். தோட்டத்து வேலைப் பதிவில், செக்ரோலில், பேர் நின்று ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம், அதுவரை நான்காவதுக்குப் போக மாட்டாளாம். என்னை எங்கே வைப்பது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வயது, கல்யாணம் இல்லை. விரலை இரண்டாவது கட்டத்தில் வைப்பாள், பிறகு கோட்டின் மேல் கொண்டுவருவாள், பிறகு விரலை எடுத்துவிடுவாள். இது என்னைக் குத்தியது தம்பி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அந்த நாள். மே மாதம் பத்தொன்பதாம் தேதி. தையில் வருகிறோம் என்ற கஹவத்தைக்காரர்கள் கடைசியில் வைகாசியில்தான் வந்தார்கள். நீ பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை வீடு அது, நான் தேடிப் போனதல்ல. ஆறு பேர் கட்டிலிலும் பாயிலும் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஞாயிறு என்றும் பாராமல், அதிகாரிகள் இரண்டு பேர் குடையோடு வந்தார்கள். மழை பலத்திருந்ததால் எல்லா லயத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார்களாம். சுவரில் வெடிப்பு உண்டா என்று சிங்களத்தில் கேட்டார்கள். வெடிப்பு இருந்தால் கதவில் சிவப்புத் தாள் ஒட்டி, அன்றே வெளியேறச் சொல்வார்கள். சிவப்புத் தாள் ஒட்டிய வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்.

"நே மாத்தயா, ஒக்கோம ஹொந்தாய்" என்றேன். இல்லை ஐயா, எல்லாம் நல்லாயிருக்கு என்றேன். ஆமாம், என் வாயால்தான் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

கஹவத்தைக்காரர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள்தான். ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து இறங்கியது. நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான்தான் வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டுப் போனேன். சத்தம் எங்கள் மலைக்குக் கேட்டது. லொறி கல் கொட்டுகிறது என்று நினைத்து இன்னும் ஒரு கைப்பிடி பறித்தேன்.

இது என் பாவம். இதை நான் யார் தலையிலும் இறக்கவில்லை. ஆனால் திரையாக்கினேன், மாப்பிள்ளைக்காக ஆசைப்பட்டேன் என்று எழுதாதே. அந்த இடத்தை நான் தேடிப் பிடிக்கவில்லை. சரி, அதை விடு.

சுகந்தினி


கொட்டாஞ்சேனை
03.11.2024

அக்கா,

இரண்டு மாதம் எழுதவில்லை. மாப்பிள்ளையை நான்தான் பார்த்தேன் என்று நீங்கள் எழுதியது உண்மை. அதை மறந்து பேசிவிட்டேன். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. முதலாளி அதே படத்தை மறுபடி போடச் சொல்லிவிட்டார். போன வருஷம் நன்றாக ஓடியதாம். காலை ஆறிலிருந்து மாலை வரை என் கண் முன்னால் அந்த நான்கு கட்டம்தான் மெஷினிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. முதலில் மஞ்சள் போகும், பிறகு சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. குழந்தைக்கும் சோடிக்கும்தான் மை நிறைய வேண்டும். பனிக்கு ஒன்றும் வேண்டாம். அது மை படாத வெறும் தாள். இத்தனை வருஷம் இந்த வேலை செய்கிறேன், இப்போதுதான் அதைக் கவனித்தேன். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். ஸியாம்தான் வந்து பார்த்துக்கொண்டான். என் பக்கத்தில் வேலை செய்கிற இரத்தினபுரிப் பையன், ஒன்றும் கேட்க மாட்டான்.

நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை நான் தேடிப் பிடிக்கவில்லை என்று. பிறகு விடு என்கிறீர்கள். எப்படி விடுவது. நீங்கள் பிடிக்கவில்லை என்றால் அம்மாவா? செத்துப்போனவள் மேல் போடப் பார்க்கிறீர்களா? வெடிப்பை மறைத்து மாட்டு என்று யார் சொன்னது? நேராக எழுதுங்கள்.

கிருஷ்ணராஜ்


மேல்பிரிவு
01.12.2024

தம்பிக்கு,

அம்மா மேல் போடவில்லை. போடவும் மாட்டேன். ஆணி அடித்தது என் கை. அதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்.

இங்கே மறுபடி மழை. பிள்ளைக்காம்பரா கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. வாளி வைக்கிற சண்டையில் மூக்காயி அக்காவும் நானும் ஒரு வாரம் பேசவில்லை, பிறகு அவளே வந்து கறி கொடுத்தாள். இன்றும் சில பெண்கள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். நீ குழியருகே சொன்னது இந்தத் தோட்டத்தில் தங்கிவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் நான் நிற்கும் இடத்தில் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறார்கள். திட்டினால்கூடத் தாங்குவேன்.

மண்ணிலிருந்து கிடைத்தவை மூன்றுதான். அம்மாவின் செம்பு, ஒரு கொழுந்துக் கூடை, உன் படம். படம் கிழியவில்லை. அம்மாவைப் புதைப்பதற்கு முன்பே, காலையில், தோண்டினவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். என் பெட்டியில் அடியில் இருக்கிறது.

வைகாசியில் வருஷத் திதி வருகிறது. வா. கேள்வி கேட்காமல் வா. வந்து ஒரு பிடி சோறு வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போ, நான் எதிரே வரமாட்டேன். மற்றதை மட்டும் கேட்காதே. நல்லதுக்குச் சொல்கிறேன்.

சுகந்தினி


கொட்டாஞ்சேனை
19.01.2025

அக்கா,

பொங்கலன்று வேலை இல்லை. கடைசிக் கட்டு காலண்டர் போய்விட்டது. ஸியாம் ஊருக்குப் போகக் கிளம்பினான். மிச்சமான தாளில் ஒன்றை எடுத்துச் சுருட்டப் போனவன், நின்று, தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பேனாவால் எழுதினான். "உம்மாக்கு. முன் அறையில மாட்டுங்க" என்று. எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீதானே மச்சான் போன வருசம் இப்பிடி எழுதினா. அதப் பாத்துத்தான் நானும் எழுதுறன்" என்றான்.

அவன் கையிலிருந்து தாளை வாங்கி அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

எழுதினேன், அக்கா. எழுதிவிட்டுத்தான் பிளாஸ்டிக் போட்டேன். அது இப்போது நன்றாக நினைவு வருகிறது. என்ன எழுதினேன் என்பது வரவில்லை. மறந்தேனா, மறக்க வைத்துக்கொண்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அதற்கு முன் தீபாவளிக்கு வந்தபோது சுவரைப் பார்த்தேன். அப்போது வெடிப்பு விரல் அளவுதான். பொங்கலுக்கு வந்து பூசுகிறேன் என்றேன். பொங்கலுக்கு லீவு இல்லை என்று சொன்னேன். லீவு இருந்தது. சித்திரைக்கும் இருந்தது. சித்திரைக்கு அச்சகத்துப் பையன்களோடு திருகோணமலைக்குப் போனேன். கடலில் குளித்தேன்.

படம் உங்களிடம் இருக்கிறது. பின்பக்கம் பார்த்தீர்களா? அதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். ஒன்றுமில்லை, மண்ணில் அழிந்துவிட்டது என்று நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். அப்படியே எழுதிவிடுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் கேட்க மாட்டேன்.

உங்கள் தம்பி
கிருஷ்ணராஜ்


மேல்பிரிவு
09.02.2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்து பதினோரு நாள். மூன்று முறை பதில் எழுதினேன். முதல் இரண்டிலும் அழிந்துவிட்டது என்றுதான் எழுதினேன். இரண்டையும் அடுப்பில் போட்டேன். எத்தனை நாளைக்கு உனக்கு நான் சுவரில் படம் மாட்டிக்கொண்டே இருப்பது.

அழியவில்லை. ஈரம் ஏறக்கூடாது என்று நீ பிளாஸ்டிக் போட்டாயே, அதனால் மண்ணிலும் உன் கையெழுத்து அப்படியே நின்றது. இப்படி இருக்கிறது:

"அக்கா, இதைக் கடைசிச் சுவர் வெடிப்பு மேலே மாட்டுங்க. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் அது படக்கூடாது. பொங்கலுக்கு வந்து நானே சிமெந்து பூசுறேன். கி."

நீ குழியருகே என்னைக் காட்டிக் கத்தியபோது இந்தப் படம் என் மடியில் சுருட்டி இருந்தது. படம் வந்த அன்றே படித்ததுதான், காலையில் மறுபடியும் படித்தேன். விரித்துக் காட்டியிருந்தால் தோட்டம் உன் பக்கம் திரும்பியிருக்கும். அம்மாவைப் புதைத்த கையோடு உன்னையும் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. உனக்கு ஐந்து வயதில் அப்பா போனதிலிருந்து உன்னைச் சுமந்தவள் நான். பழக்கம் விடவில்லை, அவ்வளவுதான். ஆனால் தம்பி, எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது. எட்டு மாதமாக ஒவ்வொரு நாளும் இருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் சொல்லாவிட்டால் எல்லாப் பழியும் உன் மேல் போய்விடும், அதுவும் நியாயம் இல்லை. அதிகாரிகள் வாசலில் நின்றபோது அம்மா குசினி அடுப்புப் பக்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "காட்டுடி. அந்தப் படத்தத் தூக்கிக் காட்டு. கல்யாணம் கெடந்துட்டுப் போவுது." அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. வந்தவர்களுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நான் ஒருத்திதான் நின்றேன். நான் கேட்காதது போல நின்று, நே மாத்தயா என்றேன்.

மறைக்கச் சொன்னது நீ. இல்லை என்று சொன்னது நான். அந்த வீட்டில் காட்டு என்று சொன்னது அம்மா ஒருத்திதான்.

கஹவத்தைக்காரர்கள் போன பிறகு அம்மா என்னைத் திட்டவில்லை. படத்தின் முன்னால் உட்கார்ந்து, விரலை எடுத்து இரண்டாவது கட்டத்தில் வைத்தாள். கோட்டின் மேல் வைக்கவில்லை. அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று அது சந்தோஷமாக இருந்தது.

படம் இங்கேயே இருக்கிறது. நீ வருவாயா மாட்டாயா என்று கேட்கும் உரிமை இனி எனக்கும் இல்லை.

அக்கா
சுகந்தினி


கொட்டாஞ்சேனை
11.05.2025

அக்கா,

மூன்று மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை. பேனாவை எடுத்தால் அந்த 'கி.' தான் முன்னால் வந்தது. உங்கள் நம்பரை மறித்ததை எடுத்துவிட்டேன். ஆனால் பேச எனக்கு இன்னும் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அச்சகத்தில் அடுத்த வருஷத்துக்கு வேறு படம் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். கேட்டுவிட்டு, பூப்படம் ஏதாவது போடலாம் என்றார்.

திதிக்கு லீவு வாங்கிவிட்டேன். முந்தின நாளே வருகிறேன். பிள்ளைக்காம்பராவில் இடம் இல்லாவிட்டால் கோயிலில் படுத்துக்கொள்வேன். நீங்கள் என் எதிரே வரமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். வரவேண்டும். குழியருகே என் பக்கத்தில் நிற்க வேண்டும். படத்தையும் எடுத்துவாருங்கள். பெட்டி அடியில் இனி அது இருக்க வேண்டாம்.

சோறு வைப்பதற்கு முன்னால், மூக்காயி அக்காவையும் மற்றவர்களையும் நிற்கச் சொல்லி, அதன் பின்பக்கத்தை நானே படிப்பேன். எல்லாருக்கும் கேட்கச் சொன்னதை எல்லாருக்கும் கேட்கத்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் என் பக்கத்தில் இடம் விட்டு நிற்கட்டும். நீங்கள் தடுக்கக் கூடாது.

அம்மாவின் குழியைச் சுற்றி ஒரு கல்வரிசைகூட இல்லை, இந்த மழையில் கரைந்து போகும் என்று ஊரிலிருந்து வந்த ஸியாம் சொன்னான். எனக்காகப் போய்ப் பார்த்திருக்கிறான். நான் சொல்லி அனுப்பவில்லை.

இரத்தினபுரியில் இறங்கி ஒரு மூட்டை சிமெந்து வாங்கிக்கொண்டு வருகிறேன். பூசுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

தம்பி
கிருஷ்ணராஜ்